லினக்ஸில் ஒன்லைன் கேம் ஓடவில்லை: கோளாறு எந்த இடத்தில்?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த கேள்வி, சுருக்கமாக:

"அண்ணா, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் லெப்டொப், ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5, என்விடியா 940எம்எக்ஸ், 8 ஜிபி ரெம். விண்டோஸ் 11 போட முடியாது என்று சொல்லிவிட்டது, அதனால் லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். கொழும்பில் வேலை செய்யும் பெரியம்மா மகனோடும் கூட்டாளிகளோடும் விளையாடத்தான் ஆசை. ஜிடிஏ ஒன்லைன் உள்ளே போனவுடன் வெளியே தள்ளுகிறது. டி டிரைவில் இருக்கும் ஸ்டீம் கேம்களில் 'ப்ளே' அழுத்தினால் ஒரு நொடி ஓடி நின்றுவிடுகிறது. எபிக் லொஞ்சர் வெள்ளைத் திரையாகவே நிற்கிறது. டோட்டா 2 மட்டும் ஓடுகிறது, ஆனால் பிங் தாறுமாறாகக் குதிக்கிறது. லினக்ஸை இரண்டு தடவை திரும்பப் போட்டும் மாறவில்லை. பேசாமல் விண்டோஸுக்கே போய்விடவா?"

தம்பி, உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறு இல்லை, நாலு. நாலும் ஒரே நேரத்தில் வந்ததால் எல்லாவற்றுக்கும் லினக்ஸ்தான் காரணம் என்று தோன்றியிருக்கிறது. ஜிடிஏ ஒன்லைன் நின்றது அனுமதிப் பிரச்சினை. டி டிரைவ் கேம்கள் நின்றது டிஸ்க் பிரச்சினை. எபிக், லொஞ்சர் பிரச்சினை, அதாவது கேமை இறக்கித் திறந்துவிடும் மென்பொருளின் கோளாறு. டோட்டா, இணைப்புப் பிரச்சினை. இவற்றில் மூன்றைப் பெரும்பாலும் நீங்களே வீட்டில் இருந்து சரிசெய்துவிடலாம். ஒன்றை யாராலும் சரிசெய்ய முடியாது. எது அந்த ஒன்று என்று முதலில் தெரிந்துகொண்டால்தான் டேட்டாவும் நேரமும் மிஞ்சும். ஓஎஸ்ஸைத் திரும்பப் போடுவது இந்த நாலில் எதையும் தீர்க்காது, இனிமேல் அதைச் செய்யாதீர்கள்.

அந்தத் தீராத ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகமாக ஏமாறுவது அங்கேதான்.

விண்டோஸ் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். வைன் என்ற மென்பொருள் 1993 இல் தொடங்கியது. விண்டோஸ் புரோகிராம் ஒன்று "இந்த ஃபைலைத் திற, இந்த விண்டோவைக் காட்டு" என்று கேட்கும்போது அந்தக் கேள்வியை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதன்மேல் கட்டி, 2018 ஓகஸ்டில் ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் ஸ்டீமுக்குள்ளேயே வைத்துக் கொடுத்ததுதான் புரோட்டன். படம் வரைகிற பகுதியில் விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் 9, 10, 11 ஆகியவற்றை டிஎக்ஸ்விகே என்ற பகுதி லினக்ஸுக்குப் புரிகிற வல்கனாக மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 12 க்கு விகேடி3டி-புரோட்டன் இருக்கிறது. தனியாக விளையாடும் கேம்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டிலேயே நன்றாக ஓடுகின்றன.

ஒன்லைன் கேமில்தான் இன்னொரு ஆள் நடுவில் வருகிறார்: அன்டி-சீட். ஏமாற்றி விளையாடுகிறவர்களைப் பிடிக்கும் இந்த மென்பொருள்களில் பல, விண்டோஸின் கேர்னலுக்குள், அதாவது அதன் மையப் பகுதிக்குள், டிரைவராகப் போய் உட்காருகின்றன. நம் கணினியில் விண்டோஸ் கேர்னலே இல்லை. வைன் மொழிபெயர்ப்பதெல்லாம் கேர்னலுக்கு வெளியே நடக்கும் பேச்சை மட்டும்தான். அதனால் அந்த டிரைவர் போய் உட்கார இடமே கிடையாது. ரயட் நிறுவனத்தின் வேங்கார்ட் அப்படிப்பட்டது. வலரண்ட் லினக்ஸில் ஓடாததற்கு அதுதான் காரணம். லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் பல வருடம் வைனில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 இல் அதற்கும் வேங்கார்ட் வந்த பிறகு நின்றுவிட்டது.

ஈசி அன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டின் கதை வேறு. 2021 செப்டம்பரில் இரண்டுமே புரோட்டனை ஏற்பதாக அறிவித்தன. ஆனால் அதை இயக்கிவிட வேண்டியது ஒவ்வொரு கேமையும் செய்த நிறுவனம்தான். அவர்கள் இயக்கினால் ஓடும், இயக்காவிட்டால் ஓடாது. எல்டன் ரிங், ஃபோல் கைஸ், ஆர்மா 3, டேஸீ போன்றவற்றுக்கு இயக்கினார்கள். ஃபோர்ட்நைட்டுக்கு இயக்கவில்லை, இத்தனைக்கும் ஈசி அன்டி-சீட் அந்தக் கேமைச் செய்த எபிக்கின் சொந்தப் பொருள். எபெக்ஸ் லெஜண்ட்ஸ் சில வருடம் அனுமதித்துவிட்டு, 2024 ஒக்டோபர் கடைசியில் லினக்ஸ் வழியை மூடிவிட்டது. ஜிடிஏ ஒன்லைனும் அப்படியே. 2024 செப்டம்பரில் ரொக்ஸ்டார் அதற்குள் பேட்டில்ஐயைக் கொண்டுவந்தது, லினக்ஸுக்கான அனுமதியைத் தரவில்லை. அதனால்தான் உங்களை உள்ளே விட்டு உடனே வெளியே தள்ளுகிறது. அதே கேமின் கதைப் பகுதியைத் தனியாக விளையாடலாம், அது ஓடும். ஒன்லைன் மட்டும் ரொக்ஸ்டார் மனது வைக்கிறவரை லினக்ஸில் கிடைக்காது. ரெயின்போ சிக்ஸ் சீஜ், டெஸ்டினி 2, பப்ஜியின் கணினிப் பதிப்பு, புதிய கோல் ஒஃப் டியூட்டிகள், பேட்டில்ஃபீல்ட் 6 எல்லாமே இந்தப் பட்டியல்தான்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "அன்டி-சீட்டைத் தாண்டும் ஃபைல்" என்று டெலிகிராமிலும் யூடியூபிலும் கொடுப்பார்கள். தொடவே கூடாது. வேலை செய்யாதது ஒரு பக்கம், உங்கள் எக்கவுண்டை நிரந்தரமாகத் தடைசெய்துவிடுவார்கள்; அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியாது. வெர்ச்சுவல் மெஷினுக்குள் விண்டோஸ் போட்டு விளையாடலாம் என்பதும் அதே ஆபத்துதான். வேங்கார்ட் மாதிரியானவை அதையும் கண்டுபிடித்து மறுக்கும்.

ஆகவே ஒரு கேமை டவுன்லோட் பண்ணுவதற்கு முன்னால், அன்டி-சீட் நிலவரத்தை மட்டும் பட்டியல் போட்டு வைத்திருக்கும் 'ஆர் வி அன்டி-சீட் யெட்' தளத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். 'டினைட்' அல்லது 'ப்ரோக்கன்' என்று இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அனுமதி இருக்கிறது என்றால் புரோட்டன்டிபி தளத்துக்குப் போய் மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள். அதில் தங்கம், பிளாட்டினம் என்ற மதிப்பெண்ணைவிடக் கடைசி இரண்டு மூன்று மாதக் குறிப்புகள்தான் முக்கியம். ஒன்லைன் கேம் ஒரு அப்டேட்டில் மாறிவிடும், போன வருடக் குறிப்பு இன்றைக்கு உதவாது. நூறு ஜிபி கேமை 4ஜி டேட்டாவில் இறக்கிவிட்டு அழுவதைவிட இந்த ஐந்து நிமிடம் பெரிய லாபம்.

அனுமதி உள்ள கேமிலும் அன்டி-சீட் பிழை வருகிறதா? ஸ்டீம் லைப்ரரியில் 'டூல்ஸ்' என்பதைக் காட்டச் சொல்லித் தேடினால் 'புரோட்டன் ஈசி அன்டி-சீட் ரன்டைம்', 'புரோட்டன் பேட்டில்ஐ ரன்டைம்' என்று இரண்டு இருக்கும். வழக்கமாகத் தானாகவே வரும். இணைப்பு நடுவில் அறுந்தால் வராமல் போயிருக்கலாம். இரண்டையும் கையாலேயே இன்ஸ்டோல் பண்ணிவிட்டுத் திரும்ப முயன்று பாருங்கள்.

சரி, டி டிரைவுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் உறுதியாகத் தெரிந்த இடம் இதுதான். அந்த டிரைவ் விண்டோஸ் காலத்தது, என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும். அதில் பாட்டு, படம் வைக்கலாம், தொல்லை இல்லை. ஆனால் புரோட்டன் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய்யான சி டிரைவைத் தனித்தனியாக உண்டாக்குகிறது. அதற்கு ப்ரிஃபிக்ஸ் என்று பெயர். கேம் எந்த டிரைவில் இருக்கிறதோ அதே டிரைவில், 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் 'கொம்பாட்டேட்டா' என்ற இடத்தில், கேமின் எண்ணைப் பெயராகக் கொண்டு அது உட்காரும். அந்த ப்ரிஃபிக்ஸுக்குள் முக்காற்புள்ளியோடு கூடிய பெயர்களில் இணைப்புகளை (வேறு இடத்தைக் காட்டும் குறுக்குவழிகளை) உண்டாக்க வேண்டியிருக்கிறது, சி-க்குப் பின்னால் இரண்டு புள்ளி வருமே, அதே பெயர். விண்டோஸ் விதிப்படி என்டிஎஃப்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு இடமில்லை. போதாக்குறைக்கு, அந்த டிரைவில் உள்ள ஃபைல்களின் சொந்தக்காரர் நீங்கள்தான் என்று லினக்ஸ் நினைக்காவிட்டால் வைன் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். ஒரு நொடி ஓடி நிற்பதற்கு இவைதான் காரணம். இன்னொன்றும் உண்டு: கடைசியாக விண்டோஸை 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' (முழுமையாக மூடாமல் வைத்து விரைவாகத் தொடங்கும் வசதி) இயங்கியபடி மூடியிருந்தால், லினக்ஸ் அந்த டிரைவை வாசிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது.

தீர்வு சுலபம். ஸ்டீம் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' என்ற பக்கத்தில் உங்கள் ஹோம் ஃபோல்டர் இருக்கும் டிரைவையும் காட்டும். டி டிரைவில் இருக்கும் கேம்களைத் தெரிவுசெய்து 'மூவ்' கொடுங்கள், ஸ்டீமே இடம் மாற்றிக்கொள்ளும், திரும்ப டவுன்லோட் வேண்டாம். ஹோமில் இடம் போதாது என்றால் டி டிரைவில் உள்ள மற்றப் பொருள்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பார்ட்டிஷனை லினக்ஸின் வடிவமான இஎக்ஸ்டி4 ஆக ஃபோர்மட் பண்ணுங்கள். ஃபோர்மட் பண்ணினால் அதில் இருப்பதெல்லாம் போய்விடும், வீட்டுப் படங்கள் இருந்தால் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கேம் என்டிஎஃப்எஸ்ஸிலேயே இருக்கட்டும், கொம்பாட்டேட்டாவை மட்டும் ஹோமுக்கு இணைப்பாகக் காட்டலாம் என்று புரோட்டனின் வழிகாட்டிப் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கேம் ஃபைலைப் பங்குபோட வேண்டியவர்களுக்கு அது சரி. உங்களுக்கு அது தேவையில்லாத சுற்று.

மின்ட்டின் சொஃப்ட்வேர் மேனேஜரில் ஸ்டீம் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஃபிளாட்பேக் வடிவத்தைப் போட்டிருந்தால் அது வேறு டிரைவ்களைப் பார்க்காது, ஃபிளாட்சீல் என்ற சிறு மென்பொருளில் அனுமதி கொடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு 'சிஸ்டம் பெக்கேஜ்' வடிவம்தான் என் தெரிவு. உபுண்டு வைத்திருப்பவர்கள் ஸ்னாப் வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்து கிராஃபிக்ஸ். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் லெப்டொப்பில் இது கட்டாயம் குறுக்கே வரும். அதில் இன்டெல், என்விடியா இரண்டும் இருக்கின்றன. மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து அது பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரைப் போடுங்கள். பயோஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்ஸில்) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருந்தால் டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்து சாவியைப் பதிவு செய்ய வேண்டும். அந்த நீலத் திரையைப் பயந்து தாண்டிவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது. ஏறிய பிறகு கீழே மூலையில் என்விடியா ஐகன் வரும். 'ஒன்-டிமாண்ட்' என்று இருந்தால் சாதாரண வேலைக்கு இன்டெல், கேமுக்கு நீங்கள் சொன்னால் மட்டும் என்விடியா. எந்தச் சில்லில் கேம் ஓடுகிறது என்று தெரியாமல் குழம்புவதைவிட, சார்ஜரில் போட்டு விளையாடும்போது 'பெர்ஃபோமன்ஸ்' முறைக்கு மாற்றிவிடுங்கள். சூடு கொஞ்சம் கூடும், நம் ஊர்க் குளிர் அதற்கு உதவியாகத்தான் இருக்கிறது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. செகண்ட் ஹேண்ட் சந்தையில் நாலாம் தலைமுறை இன்டெல் லெப்டொப்கள் இன்னமும் நிறைய ஓடுகின்றன. அவற்றின் கிராஃபிக்ஸ் வல்கன் 1.3 ஐ எட்டாது. என்விடியாவின் 600, 700 வரிசைப் பழைய கார்டுகளில் பலவும் அப்படியே. புரோட்டன் 8 முதல் வரும் டிஎக்ஸ்விகே, வல்கன் 1.3 ஐக் கட்டாயமாகக் கேட்கிறது. அப்படிப்பட்ட கணினியில் கேமின் 'ப்ரொப்பர்டீஸ்' பக்கத்தில் 'கொம்பாட்டிபிலிட்டி' என்ற இடத்துக்குப் போய்ப் புரோட்டன் 7 ஐத் தெரிவுசெய்தால் பல பழைய கேம்கள் உயிர் பெறும். உங்கள் ஆறாம் தலைமுறைக்கு இந்தக் கவலை கிடையாது.

எபிக் லொஞ்சரின் வெள்ளைத் திரை. இந்த லொஞ்சர்கள் எல்லாம் உள்ளுக்குள் ஒரு முழு பிரவுசரை வைத்துக்கொண்டுதான் தங்கள் திரையைக் காட்டுகின்றன. கேம் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடும், அதைத் திறக்கும் பிரவுசர் துண்டுதான் வைனில் திணறும். எபிக்குக்கு அதோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. ஹீரோயிக் கேம்ஸ் லொஞ்சர் என்று லினக்ஸுக்கென்றே எழுதியது ஒன்று இருக்கிறது, எபிக், ஜிஓஜி, அமேசான் மூன்றின் கேம்களையும் அது இறக்கித் தரும். லொகின் அதன் சொந்தத் திரையில் நடக்கும், விண்டோஸ் எபிக் லொஞ்சர் தேவையே இல்லை. ரொக்கெட் லீக் 2020 மார்ச்சில் தன் லினக்ஸ் பதிப்பைக் கைவிட்ட பிறகு, இன்றைக்கு லினக்ஸில் அதை விளையாடுகிறவர்களில் பலர் ஹீரோயிக் வழியாகத்தான் விளையாடுகிறார்கள். கூட்டாளி ஒருவர் வீட்டு விண்டோஸ் கணினியில் ஏற்கனவே எபிக் கேம் இருந்தால், அந்த ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து ஹீரோயிக்கில் 'இம்போர்ட்' பண்ணலாம். விட்டுப்போனதை மட்டும் இறக்கிக்கொள்ளும். பிளிசார்ட் நிறுவனத்தின் லொஞ்சரான பேட்டில்நெட்டுக்கு லூட்ரிஸ் என்ற லினக்ஸ் மென்பொருள் நல்லது.

யூபிசொஃப்ட், ஈஏ, ரொக்ஸ்டார் கேம்களை ஸ்டீமில் வாங்கினாலும் அவர்களுடைய லொஞ்சர் உள்ளே இன்னொன்றாகத் திறக்கும். அதுவே தன்னை அப்டேட் பண்ணிக்கொள்ளும், அப்போது அடிக்கடி உடையும். அப்படி உடைந்தால் முதலில் வேறு புரோட்டனில் ஓட்டிப் பாருங்கள். 'புரோட்டன்அப்-கியூட்டி' என்ற மென்பொருள் மூலம், வால்வுக்கு வெளியே திருத்தித் தரும் ஜிஈ-புரோட்டன் என்ற பதிப்பைப் போடலாம், வால்வின் பதிப்புக்கு வரும் முன்பே பல திருத்தங்கள் அதில் வந்துவிடும். அதுவும் சரிவராவிட்டால் அந்தக் கேமின் ப்ரிஃபிக்ஸை அழித்துவிட்டுத் திரும்பத் திறந்தால் லொஞ்சர் புதிதாகப் போடப்படும். பெரும்பாலும் இதிலேயே தீரும். ஆனால் அழிப்பதற்கு முன்னால் ப்ரிஃபிக்ஸுக்குள் 'யூசர்ஸ்', அதற்குள் 'ஸ்டீம்யூசர்' என்ற ஃபோல்டரை நகல் எடுத்து வையுங்கள். கிளவுடில் சேமிக்காத கேம்களின் சேவ் ஃபைல்கள் அங்கேதான் இருக்கும்.

கடவுச்சொல் சரி, இன்டர்நெட்டும் சரி, ஆனாலும் லொகின் ஆகவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், செகண்ட் ஹேண்ட் லெப்டொப்களில் மதர்போர்டில் இருக்கும் சின்ன பட்டரி செத்திருக்கும். கரண்ட் போய்ச் சார்ஜும் தீர்ந்து அணைந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் திகதியை வைத்துத்தான் சரிபார்க்கப்படுகின்றன. லொஞ்சரோ காரணத்தைச் சொல்லாமல் 'கனெக்ட் ஆக முடியவில்லை' என்று மட்டும் சொல்லும். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினியிலும் இதே மாதிரி ஒன்று நடக்கும். லினக்ஸ் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக வாசிக்கிறது, ஆகவே இலங்கையில் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிசகும். ஐந்தரை மணித்தியால வித்தியாசம் கண்ணில் பட்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் ஒரு கேம் திறக்கவில்லை என்றால் ஊகிப்பதை நிறுத்திவிட்டு, திறக்கும்போது நடந்ததையெல்லாம் பதிவுசெய்யும் லொக் ஃபைலைக் கேளுங்கள். கேமின் 'ப்ரொப்பர்டீஸ்' பக்கத்தில் 'லோஞ்ச் ஒப்ஷன்ஸ்' என்ற பெட்டியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் புரோட்டன், கீழ்க்கோடு, லொக், சமக்குறி, 1. பிறகு ஒரு இடைவெளி. பிறகு இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே சிறிய எழுத்தில் கொமாண்ட். இப்படி எழுதிக் கேமைத் திறந்தால் ஹோம் ஃபோல்டரில் ஸ்டீம் என்று தொடங்கி, கேமின் எண்ணோடு ஒரு ஃபைல் விழும். அதில் 'ஃபிக்ஸ்மீ' என்று ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். அவை வைன் எழுதுகிறவர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்ட குறிப்புகள், பிழைகள் இல்லை, அவற்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 'எர்' என்று குறித்திருக்கும் வரிகளை, அதுவும் கடைசிப் பகுதியில் இருப்பவற்றை, வாசியுங்கள். வல்கன் என்ற சொல் அங்கே இருந்தால் கிராஃபிக்ஸ், 'நொட் ஓன்ட்' என்றால் டிஸ்க் அனுமதி. இடையில் கரண்ட் போய் நின்ற டவுன்லோட் என்றால் லொக்கைத் திறக்கும் முன்பே 'வெரிஃபை' கொடுத்து ஃபைல்களைச் சரிபார்த்துவிடுங்கள்.

இனி டோட்டா. இது புரோட்டனே இல்லாமல் லினக்ஸில் நேராக ஓடும் கேம், ஆகவே இங்கே கேமைக் குற்றம் சொல்ல முடியாது. பிங் என்பது நம் கணினியிலிருந்து ஒரு செய்தி போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். அது குதிப்பது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். இரண்டு டெர்மினல் திறவுங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்குப் பிங் போடுங்கள், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். மற்றதில் 1.1.1.1 க்கு. கொஞ்ச நேரம் ஓடவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரவுட்டருக்கே எண் குதித்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள், வைஃபையில். ரவுட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிசெக்கனில் அமைதியாக இருந்து வெளியே மட்டும் குதித்தால் 4ஜி சிக்னலில் அல்லது டவரில்.

வீட்டுக்குள் என்றால் முதல் சந்தேகம் வைஃபை மின்சேமிப்பு. உபுண்டு, மின்ட் இரண்டிலும் அது இயங்கியபடியே வருகிறது. வைஃபை கார்டு அடிக்கடி தூங்கி எழுவதால் பிங் 5 இல் இருந்து 200 க்குத் தாவும். நெட்வொர்க்மேனேஜரின் செட்டிங்ஸ் ஃபோல்டரில் 'டிஃபோல்ட் வைஃபை பவர்சேவ் ஒன்' என்ற ஃபைல் இருக்கிறது. அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணுங்கள். இந்த ஒரு எண்ணால் "லினக்ஸில் நெட் ஸ்லோ" என்று விட்டுவிட்டுப் போனவர்கள் பலர். முடிந்தால் ரவுட்டரில் இருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள், லயத்து அறை அளவுக்கு மூன்று மீட்டர் போதும், அதற்குப் பிறகு வைஃபை என்ற பேச்சே இல்லை.

வெளியே என்றால், நம் மலைகளில் சிக்னல் ஒரு பக்கச் சுவருக்கு இருக்கும், எதிர்ப் பக்கத்துக்கு இருக்காது. ரவுட்டரை டவர் இருக்கும் திசை ஜன்னலில் வைத்து, அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் சிக்னல் எண்ணைப் பார்த்துப் பார்த்து நகர்த்துங்கள். பூச்சிய எண்ணுக்கு நெருங்க நெருங்க நல்லது, மைனஸ் 85 மைனஸ் 110 ஐவிட எவ்வளவோ மேல். நல்ல சிக்னல் இருந்தும் பின்னேரம் மட்டும் குதிக்கிறது, காலையில் இல்லை என்றால் ஒரே டவரில் எல்லோரும் ஏறுகிறார்கள், அதற்கு உங்கள் கணினியில் மருந்து இல்லை. விளையாடும் நேரத்தை மாற்றலாம், அல்லது அந்த இடத்தில் நன்றாக வேலை செய்யும் வேறு இணைப்புக்கு மாறலாம். வீட்டில் வேறு யாராவது அதே ரவுட்டரில் வீடியோ பார்த்தாலும் பிங் ஏறும்.

டோட்டாவின் செட்டிங்ஸில் ரீஜனையும் பாருங்கள். இந்தியா, தென்கிழக்காசியா இரண்டும் நமக்குக் கிட்ட. தானாகத் தெரிவுசெய்ய விட்டால் தூரத்து சர்வர் விழலாம்.

பெரியம்மா மகனோடு தனியாக ஒரு சர்வர் உண்டாக்கி விளையாடப் பார்த்தால் இன்னொரு சுவர் வரும். 4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ரவுட்டரில் காட்டும் வெளி முகவரி 100.64 க்கும் 100.127 க்கும் இடையில் இருந்தால் நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். அப்போது போர்ட் ஃபோர்வர்டிங் (வெளியில் இருந்து வருவதை ரவுட்டர் உங்கள் கணினிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) எவ்வளவு செய்தாலும் வெளியில் இருந்து யாரும் உங்களிடம் வர முடியாது. டோட்டாவிலும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 இலும் இது தெரியாது, வால்வின் இடைநிலை சர்வர்கள் வழியாகவே போகும். மைன்கிராஃப்ட் ஜாவா, ஒரே வீட்டு நெட்வொர்க்கில் விளையாடும் பழைய லான் கேம்கள் போன்றவற்றுக்கு இரண்டு பேரும் ஜீரோடியர் அல்லது டெயில்ஸ்கேல் என்ற இணைப்பு மென்பொருளைப் போட்டுக்கொண்டால் ஒரே வீட்டில் இருப்பது மாதிரி ஆகிவிடும். லான் பட்டியலில் கேம் தானாகத் தெரிய வேண்டும் என்றால் ஜீரோடியர். முகவரியை எழுதிச் சேரும் கேம் என்றால் டெயில்ஸ்கேல் போதும், அது இன்னும் சுலபம்.

டேட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் கேமின் உண்மையான விலை அதுதான். ஸ்டீம் செட்டிங்ஸில் 'டவுன்லோட்ஸ்' பக்கத்தில் தானியங்கி அப்டேட்டுக்கு நேரம் குறிக்கலாம், உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா எப்போது தொடங்குகிறதோ அந்த நேரத்தைக் கொடுங்கள். கிராஃபிக்ஸுக்கான சிறு ஃபைல்களை முன்கூட்டியே இறக்கும் 'ஷேடர் ப்ரீ-கேஷிங்' என்பதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திறக்காத கேமுக்கும் சின்னச் சின்னதாக இறங்கிக்கொண்டே இருக்கும். அணைத்தால் முதல் சில நிமிடம் கேம் கொஞ்சம் திக்கித் திக்கி ஓடலாம், பிறகு சரியாகிவிடும். ஊரில் வேறு யாரிடமாவது அதே ஸ்டீம் கேம் இருந்தால் இரண்டு கணினியையும் ஒரே ரவுட்டரில் இணைத்து, அவர் செட்டிங்ஸில் 'லோக்கல் நெட்வொர்க் ட்ரான்ஸ்ஃபர்' என்பதை நண்பர்களுக்குத் திறந்துவிடட்டும். 2023 இல் வந்த வசதி இது, அவரது கணினி விண்டோஸ் என்றாலும் வேலை செய்யும். முப்பது நாற்பது ஜிபி ஒரு சதமும் செலவில்லாமல் வந்து சேரும். இதை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, விண்டோஸுக்குப் போவதா? உங்கள் கூட்டாளிகள் விளையாடுவது ஜிடிஏ ஒன்லைனும் வலரண்டும் மட்டும்தான் என்றால், ஆம், அவற்றுக்கு விண்டோஸ் வேண்டும், லினக்ஸில் எந்த வழியும் இல்லை. அதற்காக மின்ட்டை அழிக்க வேண்டியதில்லை. டிஸ்க்கில் ஒரு பகுதியில் விண்டோஸ் 10 ஐ வைத்துக்கொண்டு தொடங்கும்போது எது வேண்டும் என்று தெரிவுசெய்யலாம். ஆனால் விண்டோஸ் 10 க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு நின்றுவிட்டன. அந்தப் பக்கத்தைக் கேமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, பல்கலைக்கழக விண்ணப்பம், மெயில் எல்லாம் மின்ட்டில் இருக்கட்டும். டிஸ்க்கைப் பிரிப்பதற்கு முன்னால் முக்கியமானதை வெளியே எடுத்து வையுங்கள். பிரித்து முடிந்ததும் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள்.

அவர்கள் வேறு கேமுக்கும் வரத் தயார் என்றால் உங்கள் 940எம்எக்ஸுக்குப் பொருத்தமாக லெஃப்ட் 4 டெட் 2, டீம் ஃபோர்ட்ரஸ் 2, அமங் அஸ், ப்ரோல்ஹல்லா, குறைந்த செட்டிங்ஸில் ரொக்கெட் லீக் எல்லாம் இருக்கின்றன. நாலு பேர் சேர்ந்து விளையாட லெஃப்ட் 4 டெட் 2 ஐ நான் முதலில் சொல்வேன். லினக்ஸுக்கே எழுதிய பதிப்பு உண்டு, பழைய கணினியிலும் லேசாக ஓடும், ஸ்டீம் தள்ளுபடி நாட்களில் மிகக் குறைந்த விலைக்கு வரும். டி டிரைவ் வேலையை முடித்துவிட்டு, பிங் சோதனையில் வந்த இரண்டு வரிசை எண்களையும், அப்போதும் திறக்காத கேம் ஏதாவது இருந்தால் அதன் லொக்கின் கடைசிப் பகுதியையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.